கச்சான் ஓய்ந்து வாடை எழும் வாரங்கள்

புரட்டாதி பிறந்துவிட்டால் கிழக்கிலங்கைக் கரையோர மக்கள் வானத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்குவர். வைகாசி முதலாக மேற்கேயிருந்து ஓயாது வீசி, குளங்களை வற்றச் செய்து, புல்லைக் கருகச் செய்து, மாந்தரையும் வாட்டி எடுத்த கச்சான் காற்று களைப்படையும் காலம் இது. வாடைக் காற்றோ இன்னும் புறப்படவில்லை. ஒரு காற்று விடைபெற்றுக்கொண்டிருக்க, மற்றொரு காற்று வந்து சேராத இந்த இடைவேளையிலே கடல் பார்வைக்கு மிக அழகாய் இருக்கும். விடியற் பொழுதில் கண்ணாடி விரித்தாற்போலக் கிடக்கும். அவ்வழகைக் காண மட்டக்களப்பிலிருந்தும், கல்முனையிலிருந்தும், மலைநாட்டிலிருந்தும், ஏன், கொழும்பிலிருந்துங்கூடக் குடும்பம் குடும்பமாக மக்கள் பொத்துவிலுக்கும் அதன் தெற்கே உள்ள அறுகங்குடாவுக்கும் வந்து சேருவர்.

வருவது நன்றே. பிள்ளைகள் கடலைக் காணவேண்டும், கால் நனைக்கவேண்டும், கிளிஞ்சல் பொறுக்கவேண்டும். ஆயினும் அழகு வேறு, அமைதி வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியவர்களுள் நானும் ஒருவன். அந்த மயக்கத்திற்கு நான் கொடுக்கவிருந்த விலை மிகப் பெரிது. ஆதலாலேயே, இனி வரும் வாரங்களில் அந்தக் கடல் எவ்வாறு நடந்துகொள்ளும், ஏன் அவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் குடும்பத்தார்க்கும் மாணவர்க்கும் பயன்படுமாறு எழுத முற்பட்டேன்.

இரு கடல்களின் எல்லை

வானொலியிலே கடற்பிரதேசங்களுக்கான வானிலை அறிக்கையை உன்னிப்பாகக் கேட்பவர்கள் ஒன்றை அவதானித்திருப்பார்கள். "திருகோணமலை தொடக்கம் மட்டக்களப்பு ஊடாகப் பொத்துவில் வரை" என்பார்கள். "அம்பாந்தோட்டை ஊடாகப் பொத்துவில் வரை" என்றும் சொல்வார்கள். வடக்கேயிருந்து வரும் அறிக்கையும் தெற்கேயிருந்து வரும் அறிக்கையும் பொத்துவிலிலே வந்து சந்திக்கின்றன. இது தற்செயலாக நேர்ந்தது அன்று. இலங்கைத் தீவின் கரையோரம் தென்கிழக்கு மூலையை நோக்கி வளைந்து செல்லும் பகுதி அது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்க, பொத்துவிலுக்கு வடக்கே உள்ள கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். தீவின் நிலப்பரப்பே அதற்கு அரணாக நிற்பதுதான் காரணம்.

மேற்கிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்று மத்திய மலைநாட்டின் மேலைச் சரிவுகளிலே தன் மழையை இறக்கிவிடுகிறது. பின்னர் மலைகளைக் கடந்து கிழக்குச் சமவெளிக்கு இறங்கும்போது அது உலர்ந்தும் வெப்பமுற்றும் இறங்குகிறது. நம்மவர் கச்சான் என்று பெயரிட்டு ஏசும் காற்று இதுவேயாகும். ஆனால் நிலத்தில் நிற்பவனை வாட்டும் இதே கச்சான் கடலில் நிற்பவனுக்கு ஒரு நன்மையைச் செய்கிறது. அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், எதிரே வரும் அலையின் முகத்தைத் தடவி, அதனை ஒழுங்காக நிமிர்த்தி வைக்கிறது. அலைச் சறுக்கு விளையாட்டில் வல்லவர்கள் உலகின் பல திக்குகளிலிருந்தும் சித்திரை, வைகாசி முதல் ஐப்பசி வரை அறுகங்குடாவை நாடி வருவதன் இரகசியங்களுள் ஒன்று இது.

ஒரு காலைப் பொழுது

சில ஆண்டுகளுக்கு முன்னர், இதே புரட்டாதி மாதத்தில், என் சகோதரியின் குடும்பத்தாருடன் பொத்துவிற் கரைக்குச் சென்றிருந்தேன். காற்று இல்லை. மேகம் இல்லை. கடலின் மேற்பரப்பிலே ஒரு சுருக்கங்கூட இல்லை. பதின்மூன்று வயதான என் மருமகன் முழங்காலளவு நீரில் நின்று விளையாடிக்கொண்டிருந்தான். நாங்கள் பெரியவர்கள் தாழை நிழலில் அமர்ந்து சோற்றுப் பொதிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் இவ்வாறு கழிந்திருக்கும். எங்கிருந்தோ வந்தது ஓர் அலை. அதன் பின்னே அதனினும் பெரிதாய் மற்றொன்று. அதன் பின்னே மூன்றாவது. நான் எழுந்து ஓடுவதற்குள் பிள்ளையின் தலை கரையிலிருந்து முப்பது பாகத்துக்கு அப்பாலே தெரிந்தது. அவன் கரையை நோக்கி நீந்துகிறான். ஆனால் தூரம் குறையவில்லை, கூடுகிறது!

நான் உடையோடு நீரில் இறங்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளை இறுகப் பற்றியது. கரைவலை இழுக்க வந்திருந்த ஒரு முதியவர் அவர்.

"தம்பி, நீங்க இறங்கினா ரெண்டு பேரைத் தேடவேணும். நில்லுங்க!" என்று சொல்லிவிட்டு, அவர் பிள்ளையை நோக்கிக் குரல் கொடுத்தார்: "மனே! கரைக்கு நீந்தாத! மல்லாந்து மித! அந்தக் கல்லுப் பக்கமா ஒதுங்கு!"

பையன் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டான். கை கால்களை அடிப்பதை நிறுத்தி மல்லாந்து மிதந்தான். சற்று நேரத்தில் நீரின் இழுவை தளர்ந்தது. அவன் பக்கவாட்டில் ஒதுங்கியதும் அலைகளே அவனைத் தள்ளிக்கொண்டு வரத் தொடங்கின. இதற்குள் இரண்டு இளைஞர்கள் சறுக்குப் பலகையோடு பாய்ந்து சென்று அவனைப் பற்றிக்கொண்டார்கள். கரையில் கிடத்தியபோது என் சகோதரியின் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க இயலவில்லை.

உடல் நடுக்கம் ஓய்ந்த பிறகு அம்முதியவரிடம் கேட்டேன்: "காக்கா, காற்றே இல்லையே! இந்த அலை எங்கிருந்து வந்தது?"

அவர் சிரித்தார். "காத்து இல்லெண்டா கடல் தூங்குதெண்டு நெனைக்கப்படா, தம்பி. இந்த அலை இங்க பொறந்ததில்ல. எங்கயோ தூரத்தில பொறந்து, நடந்து நடந்து வருகுது."

பள்ளிக்கூடத்து வாசலைக் கூட மிதித்திராத அம்மனிதர் சொன்ன இந்த ஒரு வாக்கியத்தில் அலைகளின் விஞ்ஞானம் முழுவதும் அடங்கியிருந்தது என்பதை நான் பின்னரே உணர்ந்தேன்.

அலை பிறக்குமிடம்

அலைகள் இருவகைப்படும். அருகே வீசும் காற்றினால் எழுந்து, ஒழுங்கின்றி மோதி, காற்று நின்றதும் விரைவிலே அடங்கிவிடும் அலைகள் ஒருவகை. தொலைவிலே எழுந்த புயலில் பிறந்து, புயல் ஓய்ந்த பின்னரும் நெடுந்தூரம் பிரயாணஞ் செய்து வரும் நீண்ட அலைகள் மற்றொருவகை. நாம் பொத்துவிலிற் காணும் ஒழுங்கான பெரிய அலைகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இவற்றின் பிறப்பிடம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகு தொலைவில் உள்ளது. தென் அகலாங்கு 40 பாகைக்கும் அப்பால், ஆபிரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலே தடுக்க நிலமின்றிக் கிடக்கும் பெருங்கடலில், மேற்கிலிருந்து கிழக்காகப் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. நமக்குக் கோடையாயிருக்கும் ஆனி, ஆடி மாதங்கள் அப்பகுதிக்குக் கடுங் குளிர்காலம். அக்காலத்தில் அப்புயல்கள் வலிமையின் உச்சத்தை அடைகின்றன. நாட்கணக்கில் அவை கடலை உழுது எழுப்பும் அலைகள் வடக்கு நோக்கிப் புறப்பட்டு வருகின்றன.

எத்தனை நாட் பயணம் அது? மாணவர்கள் ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். ஆழ்கடலில் அலைக்கூட்டமொன்று செல்லும் வேகம், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பொறுத்தது. அந்த நேரத்தைச் செக்கன்களில் எடுத்து 2.8 ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கிலோமீற்றர் வேகம் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். 15 செக்கன் இடைவெளியுள்ள அலைகள் மணிக்கு 42 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் வீதம் செல்லும். தென் அகலாங்கு 45 பாகையிலிருந்து வட அகலாங்கு 7 பாகையளவில் உள்ள பொத்துவிலுக்கு ஏறத்தாழ 5,800 கிலோமீற்றர். எனவே, ஞாயிற்றுக்கிழமை நம் காலை நனைக்கும் அலை, முந்திய திங்கட்கிழமையளவில் அந்தத் தென்கடலை விட்டுப் புறப்பட்டதாகும்!

இது வெறுங் கற்பனையன்று. 1963ஆம் ஆண்டில் வோல்ட்டர் மங்க் என்னும் சமுத்திரவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை அளவைக் கருவிகளை அமைத்து, தென்துருவப் பக்கத்துப் புயல்களில் பிறந்த அலைகள் பசிபிக் சமுத்திரம் முழுவதையும் கடந்து வடகோடியை அடைவதை அளந்து காட்டினார்கள். நம் கரைவலைக் காக்கா அனுபவத்தால் அறிந்ததை அவர்கள் கருவியால் அறிந்தார்கள்.

அந்த நீண்ட பயணத்திலே அலைகள் தம்மைத் தாமே தரம் பிரித்துக்கொள்கின்றன. இடைவெளி நீண்டவை வேகமாக முன்னே செல்ல, குறுகியவை பின்தங்குகின்றன. பலவகை அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருமிடத்தில் பெரிய அலைகள் நாலைந்து கூட்டமாக வருகின்றன. அவை ஒன்றையொன்று அழிக்குமிடத்தில் கடல் சில நிமிடங்கள், சில வேளைகளில் கால் மணி நேரங்கூட, ஏமாற்றும் அமைதியோடு கிடக்கிறது. என் மருமகன் விளையாடியது அத்தகைய ஓர் அமைதியிலேதான். அது கடலின் இயல்பு என்று நாங்கள் எண்ணினோம். உண்மையில் அது இரண்டு கூட்டங்களுக்கு இடைப்பட்ட ஓய்வு மாத்திரமே.

முனையும் குடாவும்

இவ்வளவு தூரம் வந்த அலை கரையை அணுகியதும் என்ன ஆகிறது? ஆழங் குறையக் குறைய அதன் அடிப்பகுதி தரையை உணர்கிறது, வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது. இறுதியாக, தன் உயரத்தைப்போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள நீரை அடைந்ததும் அது நிலைகுலைந்து உடைகிறது. ஒரு மீற்றர் உயரமுள்ள அலை ஒன்றேகால் மீற்றர் ஆழத்தில் உடையும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆகவே அலை உடையும் இடத்தைக் கரையிலிருந்து பார்த்தே அவ்விடத்தின் ஆழத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

அறுகங்குடாவிலே கடலுக்குள் நீண்டு நிற்கும் முனை ஒன்றுண்டு. தெற்கேயிருந்து வரும் அலையின் ஒரு முனை அங்கே ஆழங் குறைந்த நீரில் தடைப்பட, மற்றொரு முனை ஆழமான நீரில் விரைந்து செல்ல, அலையே வில்லைப்போல் வளைந்து குடாவுக்குள் திரும்புகிறது. அதனால் அது ஒரேயடியாக உடையாமல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாகச் சீலையை மடிப்பதுபோல் மெல்ல மெல்ல உடைந்துகொண்டே செல்கிறது. பலகை மீது நின்று சறுக்குவோர்க்கு வேண்டியது இதுவே. 2019 செப்டெம்பரில் சர்வதேசப் போட்டியொன்றும் இங்கே நடைபெற்றது. 2018இல் இவ்வூர்ப் பெண்களே கூடித் தமக்கென ஓர் அலைச் சறுக்குக் கழகத்தைத் தொடங்கினார்கள் என்பது தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் அக்கரைக்குப் பெருமை தரும் செய்தியாகும். கடல் தம் வாசலிலே கிடந்தும் அதில் இறங்காதிருந்த பெண்கள் அதனைக் கற்றுக்கொண்டார்கள். நீச்சல் அறிந்த தாய் ஒருத்தி இருந்தால் அந்த வீட்டில் பிள்ளைகளும் நீச்சல் அறிவர் அன்றோ?

முனைக்குத் தெற்கே கரையோரமாகச் சென்றால் பாணமையும், அதனையும் கடந்தால் உகந்தை முருகன் ஆலயமும் வரும். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் ஆனி, ஆடி மாதங்களில் இவ்வழியே நடந்து குமண வனத்துக்குள் புகுவர். அவர்கள் இரவிலே கேட்கும் அலையோசை, தென்கடற் புயல்களின் ஓசையே எனலாம்.

புரட்டாதியின் எஞ்சிய நாட்கள்

இனி வரும் வாரங்களை மாதவாரியாக நோக்குவோம். ஆண்டுக்கு ஆண்டு சில நாட்கள் முன்பின்னாக அமையலாம். ஆனால் ஒழுங்கு மாறுவது அரிது.

புரட்டாதி முடியும் வரை தென்கடல் அலைகள் வந்துகொண்டேயிருக்கும். உயரம் பெரும்பாலும் இடுப்பளவு முதல் தலையளவு வரை இருக்கும். சில நாட்களில் அதனையும் மிஞ்சும். காலை வேளையில் காற்று நிலத்திலிருந்து மெல்ல வீசும் அல்லது அறவே இராது. முற்பகல் கழிந்ததும், சூடேறிய நிலத்தை நோக்கிக் கடற்காற்று எழுந்து நீர்ப்பரப்பைக் கலைக்கும். ஆதலால் கடலின் அழகைக் காண விரும்புவோர் விடியற்காலையிலே கரைக்குச் செல்வது உத்தமம். சூரியன் கடலினின்று எழுவதையும் கண்டு மகிழலாம். நீர் வெதுவெதுப்பாக, 28 பாகை செல்சியசு அளவில் இருக்கும். குளிர் என்று அஞ்ச வேண்டியதில்லை, அஞ்சவேண்டியது இழுவைக்கே.

இம்மாதத்தின் ஆபத்து, காற்றில்லாத நாளின் அலைக்கூட்டமாகும். கரையை அடைந்ததும் நீரில் இறங்காது, இருபது நிமிடமாவது அமர்ந்து கடலைப் பார்க்கவேண்டும். பெரிய கூட்டம் ஒன்று வந்து போவதைக் கண்ட பிறகே, அன்றையக் கடலின் உண்மையான அளவை நாம் அறிந்தவர்களாவோம்.

ஐப்பசியின் இருமுகம்

ஐப்பசி பிறந்ததும் தென்கோளத்தின் குளிர்காலம் முடிந்து புயல்கள் தளர்வதால் அலைகளின் உயரமும் ஒழுங்கும் குறையத் தொடங்கும். பலகையோடு வந்த அந்நியர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டுவர். அவர்களுட் பலர் தீவைச் சுற்றிக்கொண்டு இக்கடுவை, வெலிகம போன்ற தென்மேற்குக் கரைகளுக்குச் செல்வர். கார்த்திகை முதல் பங்குனி வரை அமைதியான கடல் அப்பக்கத்துக்கு உரியதாகிவிடும். தென்மேற்குப் பருவக் காலத்திற் பிழைப்புக்காகக் கிழக்கே வந்து வாடி அமைத்திருந்த நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்களும் வாடியைப் பிரித்துக்கொண்டு தத்தம் ஊர் திரும்புவது வழக்கம். ஒரே தீவு, இரண்டு கரைகள், இரண்டு பருவங்கள். ஒன்றின் கதவு மூட மற்றொன்றின் கதவு திறக்கிறது.

ஒக்டோபர், நவம்பர் ஆகிய இரண்டு மாதங்களையும் வானிலையாளர் இடைப்பருவக் காலம் என்பர். காலையில் வானம் தெளிந்திருக்கும். உச்சிப் பொழுதுக்குப் பின் மேகங்கள் கோட்டை கட்டும். மாலையில் இடியும் மின்னலும் பெருமழையும் வரும். இம்மாதத்தில் கடலைவிட வானமே ஆபத்தானது என்று சொல்லலாம். திறந்த கடற்கரையிலே நிற்கும் மனிதன் சுற்றுப்புறத்தில் மிக உயர்ந்த பொருளாகி விடுகிறான். தொலைவிலே இடியோசை கேட்ட அக்கணமே நீரையும் மணலையும் விட்டு, உறுதியான கட்டடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ சென்றுவிடவேண்டும். தனித்து நிற்கும் தென்னையின் அடியில் ஒதுங்குவது தவறு.

ஐப்பசியில் மற்றொன்றும் நிகழும். கோடை முழுவதும் மணல் திரண்டு அடைத்திருந்த களப்பு வாய்கள் மழைவெள்ளம் வந்து சேர்ந்ததும் உடைப்பெடுக்கும். சில வேளை வயல்கள் மூழ்காதிருக்க மக்களே முகத்துவாரத்தை வெட்டிவிடுவர். அப்போது களப்பின் நீர் கடலை நோக்கிப் பாயும் வேகம் எருமையையும் புரட்டிவிடும். வேடிக்கை பார்க்க நிற்போரின் காலடியிலிருந்தே மணற்கரை சரியும். மழைக்குப் பின் நீர் கலங்கிச் செந்நிறமாகும். மரக்கட்டைகள் மிதந்து வரும். களப்பிலே முதலைகள் உண்டு என்பதையும் மறத்தலாகாது. கலங்கல் நீரில் பிள்ளைகளை இறக்காதிருப்பதே அறிவுடைமை.

கார்த்திகையும் மார்கழியும்

கார்த்திகையில் வாடை எழும். அது வங்காள விரிகுடாவைக் கடந்து, ஈரத்தைச் சுமந்துகொண்டு நேரே கரையை நோக்கி வீசும். கச்சான் செதுக்கி வைத்த அலைகளை வாடை கலைத்தெறியும். இவ்வலைகள் அருகே பிறந்தவை; இடைவெளி ஏழெட்டுச் செக்கன் அளவினவே; ஆயினும் ஓய்வின்றி, திசைக்கொன்றாக வந்து மோதும். கீழ்க்கரை முழுவதிலும் மணல் அரிப்பு இக்காலத்திலேதான் அதிகம். மீனவர்கள் தோணிகளை மேட்டுக்கு இழுத்து வைப்பர். இப்பகுதியின் ஆண்டு மழையிற் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையிலேயே பெய்து முடிகிறது. வயல்களுக்கு அது அமிர்தம். கடலாடுவோர்க்கு அது தடை.

இவையனைத்துக்கும் மேலாக, வங்காள விரிகுடாவில் சூறாவளிகள் உருவாகும் காலமும் இதுவே. 1964 டிசம்பர் 22, 23ஆம் நாட்களில் வீசிய சூறாவளி திருகோணமலை, மன்னார்ப் பகுதிகளைத் தாக்கி, பாக்குநீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்துச் சென்றது. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. அவ்விரவைக் கண்டவர்கள் இன்றும் கார்த்திகைக் காற்றின் ஓசை மாறினால் விளக்கை அணைக்காமல் விழித்திருப்பார்கள். 2025 நவம்பரின் இறுதியில் 'டித்வா' சூறாவளி இத்தீவைத் தாக்கி, வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நாடு முழுவதையும் கலங்கச் செய்ததை நாம் யாவரும் அறிவோம்.

சூறாவளி கரைக்கு வருமுன்னரே அதன் தூதர்கள் வந்துவிடுவர். காற்றில்லாத வேளையிலே கடல் கனமாக ஏறி இறங்கத் தொடங்கும், அலைகளின் திசை மாறும், காற்றழுத்தம் வீழ்ச்சியடையும். இன்று செய்மதிகள் வானிலிருந்து இவற்றைப் பார்த்து நாட்கணக்கில் முன்னரே எச்சரிக்கின்றன. 1978இல் பலருக்குக் கிட்டாத பேறு இது. எச்சரிக்கை வந்த பின்னரும் "பார்ப்போம்" என்று கரையில் நிற்பவன், கிடைத்த பேற்றை உதைத்துத் தள்ளியவனாவான்.

வானிலையோடு தொடர்பற்ற மற்றொரு கடற்கோளையும் இங்கே கூறாமல் விட இயலாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில், மார்கழி மாதத்தில், வானம் தெளிந்திருந்தபோது வந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. அவற்றுட் பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை அம்பாறை மாவட்டத்துக்கு உரியவை. அது காற்றினால் பிறந்த அலையன்று; சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தரை பெயர்ந்ததாற் பிறந்தது. நிலம் அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கித் தரை தெரிந்தாலோ, கிளிஞ்சல் பொறுக்கப் போகாமல் மேட்டுநிலத்துக்கு ஓடவேண்டும் என்னும் பாடத்தை அத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்து நாம் கற்றிருக்கிறோம். அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது பெரும் பாவம்.

இழுவையை அறிவது எப்படி?

கடற்குளிப்பிலே உயிர்கள் மாள்வது பெரும்பாலும் அலையினால் அன்று. அலை கொண்டுவந்த நீர் திரும்பிச் செல்லும் இழுவையினாலேயே. அலைகள் கரைக்குத் தள்ளிய நீர் எவ்வாறாயினும் கடலுக்கு மீளவேண்டும். அது மணல் திட்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களைத் தேடி, ஓர் ஒடுங்கிய ஆறுபோலத் திரண்டு பாய்கிறது. வலிமை மிக்க இழுவையை உலகின் தலைசிறந்த நீச்சல் வீரனாலும் எதிர்த்து நீந்த முடியாது.

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. இழுவை ஓடுமிடம் ஆழமாயிருப்பதால் அங்கே அலை உடையாது. இரு பக்கமும் வெண்ணுரை பொங்க, நடுவிலே கருநிறமாக அமைதியாய்க் காணப்படும் அந்த ஒழுங்கையைப் பார்த்துத்தான் "இங்கே அலை இல்லை, இறங்கலாம்" என்று நாம் எண்ணுகிறோம். என் சகோதரியும் அப்படித்தான் எண்ணி, அவ்விடத்தை மகனுக்குக் காட்டிவிட்டாள். நுரையும் குப்பையும் கடலை நோக்கி மிதந்து செல்வது தெரிந்தால் அது இழுவை என்று அறிக.

அகப்பட்டுக்கொண்டால் மூன்று காரியங்களை நினைவில் வைக்கவேண்டும். முதலாவது, இழுவை நம்மைக் கீழே அமிழ்த்துவதில்லை, வெளியே மாத்திரமே கொண்டுசெல்லும். ஆதலால் பதறாமல் மல்லாந்து மிதக்கவேண்டும். இரண்டாவது, கரையை நோக்கி நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாக, அலை உடையும் பக்கத்தை நோக்கி ஒதுங்கவேண்டும். மூன்றாவது, ஒரு கையை உயர்த்தி உதவி கோரவேண்டும்; அதில் வெட்கம் வேண்டியதில்லை. கரையில் நிற்பவர்கள் வெறுங்கையோடு பாயலாகாது. கயிறு, பந்து, வெற்றுப் பிளாஸ்டிக் கலன், பலகை, மிதக்கக்கூடிய எதுவாயினும் எறியவேண்டும். காப்பாற்றப் போனவரே மாண்டு, மிதந்தவர் பிழைத்த துயரங்கள் பல உண்டு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அவசர அம்புலன்ஸ் சேவையின் 1990 என்னும் இலக்கங்களைப் பிள்ளைகளும் மனனஞ் செய்திருப்பது நல்லது.

குடும்பத்தார்க்கு மேலும் சில வார்த்தைகள். உயிர்காப்பாளர் நிற்கும் இடத்திலேயே குளிக்கவேண்டும். செங்கொடி பறந்தால் இறங்கலாகாது. சிறு பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்கவேண்டும். அவர் கையில் தொலைபேசி இருத்தலாகாது. வயிறு நிறைய உண்ட கையோடும், மது அருந்திய நிலையிலும், பொழுது சாய்ந்த பின்னும் கடல் வேண்டாம். பாறைகளின் மீது ஏறிப் படம் எடுப்போர் அலைக்கூட்டத்தை மறக்கலாகாது.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

கரைக்குச் செல்லும் மாணவர்கள் ஒரு குறிப்புப் புத்தகத்தையும் கைக்கடிகாரத்தையும் கொண்டுசெல்லட்டும். ஓர் அலை உடையும் கணத்திலிருந்து பதினோராவது அலை உடையும் வரை எத்தனை செக்கன் என்று எண்ணிப் பத்தால் வகுத்தால் அலையிடைவெளி கிடைக்கும். பன்னிரண்டு, பதினான்கு என்று வந்தால் அவ்வலை தென்கடலின் விருந்தாளி. ஆறு, ஏழு என்று வந்தால் அது அயலிலே பிறந்த பிள்ளை. காற்றின் திசையையும் மேகத்தின் உருவத்தையும் அருகே எழுதுக. புரட்டாதியில் ஒரு முறையும், ஐப்பசியில் ஒரு முறையும், கார்த்திகையில் பாதுகாப்பான மேட்டிலிருந்து ஒரு முறையும் இவ்வாறு குறித்துப் பார்த்தால், ஒரு பருவம் மற்றொரு பருவத்துக்கு இடங்கொடுப்பதைத் தம் கைப்படவே எழுதியவர்களாவார்கள். பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கமும் அதற்கு ஈடாகாது.

என் மருமகன் இன்று வாலிபனாகிவிட்டான். கடலை வெறுத்துவிடுவான் என்று அஞ்சினோம். அவனோ முறையாக நீச்சல் பயின்றான். ஆண்டுதோறும் புரட்டாதியில் பொத்துவிலுக்குச் சென்று வருகிறான். போனதும் முதலில் மணலில் அமர்ந்து, வாய்க்குள்ளே ஏதோ எண்ணிக்கொண்டிருப்பான். சென்ற ஆண்டு அவனோடு நானும் சென்றேன். கரைவலை இழுத்த அந்த முதியவர் இப்போது இல்லை. அவருடைய பேரனைக் கண்டோம், வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்றைக்குக் கடல் எப்படி, தம்பி?" என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து, கிழக்கே சற்று நேரம் பார்த்தான். "கொஞ்சம் பொறுங்க, ஐயா," என்றான். "அது இன்னும் சொல்லல்ல."

நாங்களும் அவனருகே அமர்ந்து காத்திருந்தோம்.